காத்திருக்கச் சொல்வது யாரிடம்?

எங்கள் சேரியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு படிப்பு வட்டம் நடக்கிறது. சமுதாயக் கூடம், ஒரே ஒரு டியூப்லைட், பதினைந்து இருபது பிள்ளைகள். பத்தாவது படிக்கிறவனிலிருந்து காலேஜ் முடித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கிறவன் வரை வருவார்கள். அரசியல் சட்டத்தை எடுத்து ஒவ்வொரு பிரிவாகப் படித்துக்கொண்டு வந்தோம். பதினைந்தாவது பிரிவு வந்தது. அதில் நான்காவது உட்பிரிவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எண். கீழே அடிக்குறிப்பில், இது 1951இல் முதல் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது என்று இருந்தது.

பன்னிரண்டாவது படிக்கிற பையன் ஒருவன் கேட்டான். "அண்ணே, சட்டம் வந்தது 1950 ஜனவரி. அம்பத்தொண்ணுலயே திருத்திட்டாங்கன்னா எழுதும்போதே தப்பா எழுதிட்டாங்களா? அம்பேத்கரு தப்பு பண்ணிட்டாரா?"

கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சுவரில் நீலக் கோட்டுப் போட்ட படம் இருக்கிறது. வாசல்படியில் உட்கார்ந்திருந்த பெரியப்பா ஒருவர், "அதெல்லாம் கேக்கக் கூடாதுடா" என்றார். கேட்கக் கூடாது என்று சொல்வதை நாம் யாரிடமிருந்து கற்றுக்கொண்டோம் என்று யோசித்தேன். கேட்கக் கூடாது, படிக்கக் கூடாது, நடக்கக் கூடாது என்பதெல்லாம் நம்மிடம் பிறர் சொன்னவை. அம்பேத்கர் சொன்னதில்லை. அந்தப் பையனுக்கு அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்து அனுப்பிவிட்டேன். அப்படிச் சமாளித்தது மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. அவனுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அன்றைய சென்னை மாகாணத்தில் 1920களிலிருந்தே வகுப்புவாரி உரிமை ஆணை இருந்தது. கம்யூனல் ஜி.ஓ. என்றால்தான் பழைய ஆட்களுக்குப் புரியும். 1927 ஆணைப்படி அரசு வேலையில் 12 இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் - கிறித்தவருக்கு 2, நமக்கு 1. 1947இல் இதை 14ஆக மாற்றினார்கள். பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, 'ஹரிஜனங்களுக்கு' 2, முஸ்லிம்களுக்கு 1, ஆங்கிலோ இந்தியர் - கிறித்தவருக்கு 1. மருத்துவம், பொறியியல் கல்லூரிச் சேர்க்கையும் இந்தக் கணக்கில்தான் நடந்தது. பிராமணரின் மக்கள்தொகைக்கு 14இல் 2 என்பது ஏற்கெனவே அதிகம். அதுவும் போதாது என்றுதான் கோர்ட்டுக்குப் போனார்கள்.

1950 ஜனவரி 26இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டே சென்னை உயர்நீதிமன்றத்தில் இரண்டு மனுக்கள். மருத்துவ இடம் தொடர்பாக ஒன்று, பொறியியல் இடம் தொடர்பாக ஒன்று. செண்பகம் துரைராஜன் வழக்கு என்று வரலாற்றில் பெயர் பெற்றது இதுதான். மருத்துவ இடத்துக்காக மனுப் போட்டவர் கல்லூரிக்கு விண்ணப்பித்ததாகத் தெரியவில்லை என்பது உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. பொறியியல் இடம் கேட்டவருக்காக உயர்நீதிமன்றத்தில் வாதாடியவர் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர். அம்பேத்கரோடு வரைவுக் குழுவில் உட்கார்ந்திருந்த அதே அல்லாடிதான். வீட்டைக் கட்டியவர்களில் ஒருவரே, எந்தச் சன்னலில் தாழ்ப்பாள் இல்லை என்று காட்டிக்கொடுத்த மாதிரி.

1950 ஜூலை 27இல் உயர்நீதிமன்றம் ஆணை செல்லாது என்றது. 1951 ஏப்ரல் 9இல் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அதையே உறுதி செய்தார்கள். 29ஆவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, மதம், இனம், சாதி, மொழி என்ற காரணத்தால் மட்டும் ஒருவருக்கு அரசுக் கல்வி நிறுவனத்தில் இடம் மறுக்கக் கூடாது என்கிறது. நலிந்த பிரிவினரின் கல்வி நலனை வளர்க்க வேண்டும் என்று 46ஆவது பிரிவு சொன்னாலும் அது வழிகாட்டு நெறிதான், அடிப்படை உரிமைக்கு முன்னால் நிற்காது என்றது தீர்ப்பு. வேலைக்கு 16(4) என்று விதிவிலக்கு எழுதியவர்கள் கல்விக்கு எழுதவில்லை, ஆகவே வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள் என்றும் பொருள் கொண்டது.

மாகாணம் கொந்தளித்தது. பெரியாரும் திராவிடர் கழகமும் கிளர்ச்சி நடத்தினார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1951 மே 12இல் நேரு திருத்த மசோதாவை நாடாளுமன்றத்தில் வைத்தார். சட்ட அமைச்சர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். ஜூன் 2இல் 228க்கு 20 என்ற வாக்கில் நிறைவேறியது. ஜூன் 18இல் சட்டமானது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும் அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்கிற 15(4) பிறந்தது இப்படித்தான். அரசியல் சட்டத்துக்கு அப்போது பதினேழு மாதம்கூட ஆகவில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரியாரின் வெற்றி என்று முடித்துவிடுவார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த ஜி.ஓ. விழுந்தபோது அதோடு விழுந்தது நம்முடைய இரண்டு இடமும்தான் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 17ஆவது பிரிவில் தீண்டாமையை ஒழித்துவிட்டதாக அறிவித்த அதே சட்டத்தில், ஒரு சேரிப் பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் ஒரு நாற்காலி ஒதுக்க வழியில்லை என்று தீர்ப்பாகிப்போனது.

2

இப்போது பையனின் கேள்விக்கு வருவோம். தப்பா எழுதிட்டாங்களா?

நம் ஊரில் கூரை வேய்கிறவர்களைக் கேட்டால் தெரியும். எவ்வளவு கெட்டிக்காரன் வேய்ந்தாலும் முதல் மழையில்தான் ஒழுகுகிற இடம் தெரியும். ஒழுகினால் ஏறிச் சரி செய்வார்கள். வேய்ந்தவனைத் திட்டுவதில்லை. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒழுகல் யார் படுத்திருக்கிற இடத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான், உடனே ஏறுவார்களா, கோடைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பார்களா என்று தெரியும்.

செண்பகம் துரைராஜன் வழக்கில் ஒழுகியது சட்டத்தின் எழுத்தா, படித்தவர்களின் கண்ணா என்பதே ஒரு கேள்வி. நாடாளுமன்றத்தில் அம்பேத்கர் இதைத்தான் பிடித்தார். அந்தத் தீர்ப்பு தனக்குத் திருப்தி தரவில்லை என்று அவர் மறைக்காமல் சொன்னார். 29(2)இல் இருக்கிற 'மட்டும்' என்ற சொல்லுக்கு நீதிபதிகள் உரிய மதிப்புக் கொடுக்கவில்லை என்பது அவருடைய வாதம்.

'மட்டும்' சின்னச் சொல்தான். ஆனால் சமத்துவம் என்கிற பேச்சு முழுக்க அதில்தான் தொங்குகிறது. டீக்கடையில் எனக்குத் தனிக் கிளாஸ் வைத்தான். ஏன்? சாதி. வேறு காரணமே கிடையாது. காசு கொடுத்தேன், குளித்துவிட்டு வந்தேன், அவனைவிட அதிகமாகப் படித்திருந்தேன். எதுவும் கணக்கில் வரவில்லை. சாதி மட்டும்தான். கல்லூரியில் 14 இடத்தில் 2 எனக்கு என்று ஒதுக்கினார்கள். ஏன்? இதற்கும் சாதி என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இங்கே சாதி மட்டும்தானா? பள்ளிக்கூடத்துக்குள் விடாத தலைமுறைகள் இருக்கின்றன. பண்ணையில் அடகு வைக்கப்பட்ட தாத்தா இருக்கிறார். ஊர்க் கிணற்றில் இறங்க முடியாததால் தண்ணீர் சுமந்தே படிப்பை விட்ட அம்மா இருக்கிறார். இருக்கிற இடங்களை எல்லோருக்கும் பங்கு வைக்க வேண்டிய அவசியம் இருக்கிறது. இவ்வளவையும் தள்ளிவிட்டு 'சாதி' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு, அதுவும் சாதி, இதுவும் சாதி, இரண்டும் ஒன்று என்று சொல்ல ஒரு தனிக் கண் வேண்டும். சாதியின் பெயர் அந்தக் கண்ணுக்குத் தெரியும். சாதி எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பது தெரியாது.

சாதியைச் சொல்லி வெளியே நிறுத்துவதும் சாதியைச் சொல்லி உள்ளே கூப்பிடுவதும் ஒன்றாகத் தெரிகிறவருக்குச் சமத்துவம் என்பது தராசின் இரண்டு தட்டும் அசையாமல் இருப்பது. ஒரு தட்டில் ஏற்கெனவே கல் கிடக்கிறதா என்று அவர் பார்ப்பதில்லை. 15(4) எந்தப் புதுச் சலுகையையும் கொண்டுவரவில்லை. கல் கிடக்கிறது, எடுக்கலாம் என்று எழுத்தில் போட்டது. அவ்வளவுதான்.

ஆகவே அந்தப் பையனுக்கு என் முதல் பதில் இது: திருத்தியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை தம்பி. 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது அம்பேத்கரே இதைச் சொல்லிவிட்டார். தப்பே வராத சாசனம் என்று இந்தச் சபை இதற்கு முத்திரை குத்தவில்லை, திருத்துவதற்கு லேசான வழி வைத்திருக்கிறோம் என்றார். ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையைக் கட்டிப்போட முடியாது என்ற ஜெபர்சனின் கருத்தையும் அன்று துணைக்கு அழைத்தார். வேதத்தைத் திருத்தக் கூடாது என்பவர்களுக்கு எதிராக வாழ்நாள் முழுக்கப் போராடிய மனிதர் தன் கையால் இன்னொரு வேதம் எழுதுவாரா?

3

ஆனால் இதோடு நிறுத்தினால் நான் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். மீதியும் இருக்கிறது. அது கசப்பானது.

அதே மசோதாவில் 15(4)க்குப் பக்கத்திலேயே வேறொன்றும் இருந்தது. பேச்சுரிமையை எந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்கிற 19(2)ஐ மாற்றி எழுதினார்கள். 'பொது ஒழுங்கு', 'அயல்நாடுகளுடன் நட்புறவு', 'குற்றம் புரியத் தூண்டுதல்' என்று மூன்று புதுக் காரணங்களைச் சேர்த்தார்கள். தேர்வுக் குழுவில் 'நியாயமான' என்ற அடைமொழியைப் போட்டுக் கொஞ்சம் மட்டுப்படுத்தினார்கள்.

இதற்கும் சென்னைதான் ஒரு காரணம். 1950 பிப்ரவரி 11இல் சேலம் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அரசியல் சட்டம் வந்து பதினாறாவது நாள். அடுத்த மாதம் பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி ஏடு சென்னை ராஜ்யத்துக்குள் நுழையக் கூடாது என்று இங்கிருந்த அரசு தடை போட்டது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் வழக்குப் போட்டார். பொது ஒழுங்கு என்ற காரணம் 19(2)இல் இல்லை, தடை செல்லாது என்று 1950 மே 26இல் உச்சநீதிமன்றம் சொன்னது. அரசு என்ன செய்தது? அந்தச் சொல்லையே அரசியல் சட்டத்துக்குள் கொண்டுவந்து வைத்தது.

ஒரே மசோதா, ஒரே வாக்கெடுப்பு. ஒரு கை நாற்காலி கொடுத்தது, இன்னொரு கை வாயைப் பொத்த வழி செய்தது. இரண்டையும் சேர்த்து ஆதரித்துப் பேசிய அமைச்சர் அம்பேத்கர். இதைச் சொல்வதால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது. சொல்லாமல் விட்டால் நமக்குத்தான் குறையும்.

எனக்கு இது ஏட்டுச் சங்கதி கிடையாது. சில வருசத்துக்கு முன்னால் பக்கத்து ஊர் டீக்கடையில் இரட்டைக் கிளாஸ் வைத்திருந்ததைப் பற்றி நாங்கள் ஒரு நோட்டீஸ் அடித்தோம். ஒரு பக்கம்தான். எந்தத் தேதியில் யாருக்கு எதில் டீ கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தோம். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். நோட்டீஸ் கட்டைப் பிடுங்கி மேசைமேல் வைத்துக்கொண்டு, "இதனால பொது ஒழுங்கு கெடும்னு தெரியாதா? படிச்சவன்தானே நீ?" என்று கேட்டார் அதிகாரி. ஐயா, ரெண்டு கிளாஸ் வச்சதனால கெடலையா என்று கேட்டேன். பதில் வரவில்லை. முப்பது வருசமாக ரெண்டு கிளாஸ் இருந்தது, ஊர் அமைதியாக இருந்தது. அதை எழுதினோம், கலவரம் என்றார்கள். பொது ஒழுங்கு என்பதில் 'பொது' யார் என்று அன்றைக்குப் புரிந்தது. அவர் வாயில் வந்த அந்தச் சொல் 1950 ஜனவரி 26இல் பேச்சுரிமைப் பிரிவில் இல்லை, 1951 ஜூனில்தான் ஏறியது என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் அன்றைக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் விட்டுப்போன தேசத்துரோகச் சட்டப்பிரிவை 1962இல் உச்சநீதிமன்றம் காப்பாற்றி வைத்ததற்கு ஊன்றுகோலாக இருந்ததும் இந்தச் சொல்தான்.

மசோதாவின் மூன்றாவது பகுதி நிலம். ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டங்களைக் கோர்ட்டுகள் அடிக்காமல் இருக்க 31ஏ, 31பி பிரிவுகளையும் ஒன்பதாவது அட்டவணையையும் உண்டாக்கி 13 சட்டங்களை அதில் பூட்டி வைத்தார்கள். சென்னையின் 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டமும் அதில் ஒன்று. நல்ல காரியம்தான். ஆனால் ஜமீன் கையை விட்டுப்போன நிலம் பெரும்பாலும் பட்டா வாங்கும் நிலையிலிருந்த குடியானவச் சாதிகளின் கைக்குப் போனது. அந்த நிலத்தில் சேற்றில் நின்றவனுக்கு வரவில்லை. 1892க்குப் பிறகு நமக்கென்று வெள்ளை அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் கைமாறிப் போனபோது அதைக் காக்க எந்த அட்டவணையும் உண்டாகவில்லை. 1994இல் அந்த நிலத்தைக் கேட்டுச் செங்கல்பட்டில் நின்றபோது போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள்.

4

அப்போதே ஒரு எதிர்ப்பு எழுந்தது. அது லேசில் தள்ளிவிடக்கூடியது இல்லை. சியாமா பிரசாத் முகர்ஜி, குன்ஸ்ரு போன்றவர்கள் எதிர்த்துப் பேசினார்கள். அந்த நாடாளுமன்றம் தற்காலிகமானது. அரசியல் நிர்ணய சபையே பெயர் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் 1946இல் மாகாண சபைகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அந்தச் சபைகளுக்கு ஓட்டுப்போட்டவர்கள் சொத்து, வரி, படிப்பு இருந்தவர்கள். என் பாட்டிக்கு ஓட்டு இல்லை. வயது வந்த எல்லோரும் ஓட்டுப்போட்ட முதல் தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கியது. அந்தத் தேர்தல் முடியும் வரை பொறுத்தால் மக்கள் தேர்ந்தெடுத்த சபை வந்துவிடும். அதற்குள் என்ன அவசரம்?

இந்தக் கேள்விக்கு, திருத்தம் சீக்கிரம் வந்ததா தாமதமாக வந்ததா என்று பார்த்து விடை காண முடியாது. காத்திருந்தால் அந்தக் காத்திருப்பின் விலையை யார் கொடுப்பார்கள் என்று பார்க்க வேண்டும்.

15(4)ஐத் தள்ளிப்போட்டிருந்தால்? கல்லூரிச் சேர்க்கை நாடாளுமன்றத்துக்காக நிற்காது. ஜூனில் கதவு திறக்கும், மூடும். அந்த வருசம் உள்ளே போக முடியாத பிள்ளை அடுத்த வருசம் செங்கல் சூளைக்குப் போயிருப்பான். தேர்தல் முடிந்து சபை கூடும்போது அவனைத் தேடினால் கிடைக்க மாட்டான். 19(2)ஐத் தள்ளிப்போட்டிருந்தால்? சில பத்திரிகைகள் அரசை இன்னும் சில மாதம் திட்டியிருக்கும். நாற்காலியில் இருந்தவர்களுக்குக் காது வலித்திருக்கும். முன்னதில் விலை கொடுப்பவன் வெளியே நிற்கிறவன். பின்னதில் விலை கொடுப்பவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறவன். இரண்டையும் ஒரே அவசரம் என்று ஒரே காகிதத்தில் எழுதியதுதான் அந்த மசோதாவின் குற்றம்.

இரண்டாவதாக ஒன்று. திருத்தம் செய்வதே, நாளைக்கு இன்னொருத்தன் வந்து இங்கேயும் ஒழுகுகிறது என்று சொல்ல முடியும் என்பதற்காகத்தான். 15(4) அப்படிச் சொல்லக்கூடிய ஆட்களை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தது. இந்தக் கட்டுரையை எழுதுகிற நானும் அந்த வழியாக வந்தவன்தான். 19(2)இல் சேர்ந்த சொல் அப்படிச் சொல்கிற வாயை அடைக்க உதவியது. அடுத்த திருத்தத்துக்கு வழி விடுகிற திருத்தமும், வழியை அடைக்கிற திருத்தமும் எண் வரிசையில் ஒன்றாக இருக்கலாம். அறத்தில் ஒன்றாகாது.

இது நம் நாட்டுச் சங்கதி மட்டும் இல்லை. ஜெபர்சன் பெயரை எடுத்ததால் அவருடைய நாட்டையும் பார்த்துவிடலாம். அமெரிக்காவிலும் அரசியல் சட்டம் வந்த கையோடு திருத்தம் வந்தது. 1789 ஜூன் 8இல் ஜேம்ஸ் மாடிசன் பிரதிநிதிகள் சபையில் முன்மொழிந்தார். 1791 டிசம்பர் 15இல் பத்துத் திருத்தங்கள் உறுதியாயின. பேச்சு, எழுத்து, மதம், கூட்டம் கூடுதல், நியாயமான விசாரணை என்று எல்லாம் அதில் இருக்கிறது. உரிமைச் சாசனம் என்று உலகமே கொண்டாடுகிறது. புது அரசு தங்களை நசுக்கிவிடுமோ என்று பயந்தவர்கள் கேட்டார்கள், கிடைத்தது.

அதே நேரத்தில் அந்த நாட்டுப் பருத்தி, புகையிலைத் தோட்டங்களில் சங்கிலியில் கிடந்தவர்களுக்கு? பிரதிநிதித்துவக் கணக்கில் அவர்களை ஐந்தில் மூன்று பங்கு மனிதராக எண்ணச் சொன்ன வரியை அந்தப் பத்துத் திருத்தமும் தொடவில்லை. அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. திருத்துவதற்கு வழி சொல்கிற ஐந்தாவது பிரிவிலேயே, அடிமை இறக்குமதியைப் பற்றிய விதியை 1808 வரை திருத்தவே கூடாது என்று எழுதி வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டு ஒருத்தனுக்கு மட்டும் உள்ளே இருந்து தாழ் போட்டுக்கொண்டார்கள். மாடிசனும் அடிமைகளை வைத்திருந்தார், ஜெபர்சனும் வைத்திருந்தார். அடிமை முறையை ஒழித்த பதின்மூன்றாவது திருத்தம் 1865இல்தான் வந்தது. அதற்கு ஒரு உள்நாட்டுப் போரே நடக்க வேண்டியிருந்தது. எசமானர்களின் பயத்துக்கு இரண்டரை வருசம், அடிமைகளின் ரத்தத்துக்கு எழுபத்தாறு வருசம்.

5

இந்தக் கணக்கை நம் பக்கமும் போட்டுப் பார்க்கலாம்.

பத்திரிகையின் வாயை அடைக்க வேண்டுமென்றபோது, மசோதா வைத்து மூன்றே வாரத்தில் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். தீண்டாமை தண்டிக்கத்தக்க குற்றம் என்று 17ஆவது பிரிவு சொன்னதே, அந்தத் தண்டனையை எழுதிய மத்தியச் சட்டம் 1955இல்தான் வந்தது. அதற்கு அரசியல் சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படவில்லை, சாதாரணச் சட்டம் போதும். ஐந்து வருசம் ஆனது.

முதல் திருத்தம் நிறைவேறிய அதே 1951இல், அதே நாடாளுமன்றத்தில், அம்பேத்கர் உயிரைக் கொடுத்து உழைத்த இந்துச் சட்ட மசோதா கிடப்பில் போடப்பட்டது. பெண்ணுக்குச் சொத்தும் மணவிலக்கும் தருவதற்கு மட்டும் தேர்தல் வரட்டும், மக்கள் கருத்துத் தெரியட்டும் என்று பொறுமை வந்துவிட்டது. செப்டம்பரில் அவர் அமைச்சர் பதவியை விட்டார். தாழ்த்தப்பட்ட மக்களை அரசு புறக்கணிப்பதையும் ஒரு காரணமாகச் சொன்னார். மே மாதத்தில் அரசின் அவசரத்துக்காக வாதாடியவருக்குச் செப்டம்பரில் தன் அவசரத்துக்கு ஆள் இல்லை.

1950இல் குடியரசுத் தலைவர் போட்ட பட்டியல் சாதி ஆணையில், இந்துக்களுக்குத்தான் தகுதி என்று ஒரு பத்தி இருந்தது. முதலிலேயே சில சீக்கியச் சாதிகளுக்கு இடம் இருந்தது. 1956இல் எல்லாச் சீக்கியத் தலித்துகளையும் சேர்த்தார்கள். பௌத்தர்களை 1990இல் சேர்த்தார்கள். கிறித்தவ, முஸ்லிம் தலித்துகளின் கோரிக்கையைப் பரிசீலிக்க 2022இல் ஒரு ஆணையம் போட்டார்கள். கோரிக்கைக்கு அப்போதே எழுபத்திரண்டு வயது.

இட ஒதுக்கீட்டில் நமக்கு வந்த திருத்தங்களைப் பாருங்கள். 1992 மண்டல் தீர்ப்பு பதவி உயர்வு ஒதுக்கீட்டை அடித்தது, 1995இல் 77ஆவது திருத்தம். நிரப்பாத இடங்களுக்காக 2000இல் 81ஆவது. மதிப்பெண் தளர்வுக்காக அதே ஆண்டு 82ஆவது. பதவி மூப்புக்காக 2001இல் 85ஆவது. ஒவ்வொன்றும் ஒரு தீர்ப்பு அடித்த பிறகு, கேட்டுக் கேட்டுக் கிடைத்தது. 2019 ஜனவரிக்கு வாருங்கள். முன்னேறிய சாதி ஏழைகளுக்குப் பத்துச் சதவீதம். 8ஆம் தேதி மக்களவை, 9ஆம் தேதி மாநிலங்களவை, 14ஆம் தேதி நடைமுறைக்கே வந்துவிட்டது. ஒரு வாரம். ஏழை என்று சொன்ன அந்த 103ஆவது திருத்தத்தில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்ட வகுப்பு ஏழைகளுக்கு இடமில்லை. 2022 நவம்பரில் உச்சநீதிமன்றம் அதை மூன்றுக்கு இரண்டு என்று ஏற்றது. மாறுபட்ட இரண்டு நீதிபதிகள் இந்த விலக்கலைத்தான் தவறு என்றார்கள். 1951இல் சாதியைப் பார்த்தாலே சமத்துவம் கெடும் என்று சொன்னவர்களின் வாரிசுகள், 2019இல் நம் சாதியைப் பார்த்து வெளியே நிறுத்திய ஏற்பாட்டை வரவேற்றார்கள். 'மட்டும்' என்ற சொல் அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

2023 வரையில் 106 திருத்தங்கள். அந்தப் பட்டியலைச் சட்டப் புத்தகமாக மட்டும் படிக்க வேண்டாம். பக்கத்தில் தேதிகளை எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள். யாருடைய வலி உடனே வலியாகத் தெரிந்தது, யாருடைய வலிக்குக் கமிஷன் போட்டார்கள் என்பது அதில் இருக்கிறது.

6

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனைத் தேடிப் பிடித்து இதையெல்லாம் சொன்னேன். அம்பேத்கர் தப்புப் பண்ணினாரா என்றால், 15(4)இல் இல்லை. கல்விக்கும் ஒரு விதிவிலக்கு முதலிலேயே எழுதியிருக்கலாம், எழுதவில்லை. ஒழுகியது, ஏறிச் சரி செய்தார். 19(2)இல் அவர் நின்ற பக்கத்தில் என்னால் நிற்க முடியவில்லை. அதற்காக அவரை விட்டு விலகவும் இல்லை. திருத்தலாம் என்று கற்றுக்கொடுத்தவரே அவர்தான்.

அவன் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அப்ப இன்னும் ஒழுகுற இடம் இருக்குதுல்ல அண்ணே? அதை யாரு சொல்றது?" என்றான்.

அடியில் படுத்திருக்கிறவன்தான் சொல்ல வேண்டும். அரசியல் சட்டத்தை மாற்றப் போகிறோம் என்று அவ்வப்போது ஒரு கூட்டம் கிளம்பும்போது நாம் பதறிப்போய், ஒரு எழுத்தையும் தொடாதே என்று கத்துகிறோம். அந்தப் பதற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. கூரையைப் பிரிக்க வருகிறவன் கையில் ஏணியைக் கொடுக்க முடியாது. ஆனால் காவல் காப்பதோடு நம் வேலை முடிந்துவிடாது. நாம் என்ன திருத்தம் கேட்கிறோம் என்று நம்மிடம் எழுத்தில் இருக்கிறதா? அதைத் தள்ளிப்போட்டால் விலை கொடுப்பது யார், அது அடுத்தவன் பேச வழி விடுமா என்று நாமே நம் கோரிக்கையைச் சோதித்திருக்கிறோமா? நம் தெருவிலேயே நமக்கும் கீழே நிறுத்தப்பட்டவர்களிடமும், நம் வீட்டுப் பெண்களிடமும் கேட்டு எழுதினோமா, அல்லது அவர்களிடம் நாமும் கொஞ்சம் பொறு என்கிறோமா?

இப்போது படிப்பு வட்டத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு திருத்தம், என்ன காரணம் என்று எழுத வேண்டும். முதல் பக்கத்தில் எழுதியது அந்தப் பையனின் அக்கா. பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்க்கிறார். அவர் எழுதியதைப் படித்துவிட்டு, இதுக்கெல்லாமா சட்டம் என்று இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். நானும் லேசாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பிலிருந்துதான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.